ஐந்தரை இலட்சம் வீட்டை வைத்து பிம் படிப்பது

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் படவரைஞர் பயிற்சி முடித்த பிள்ளைகள் சிலர் இப்போது கொழும்புக்கோ கட்டாருக்கோ பெட்டி கட்டாமல், வீட்டு மேசையில் இருந்தபடியே வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு மொடல் செய்கிறார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். முள்ளியவளையில் இருந்துகொண்டு, ஒருநாளும் கால் வைக்காத ஊர்களின் ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சுவரும் குழாயும் வைக்கிறேன். புதிதாய்ச் சேர்ந்தவர்கள் எனக்கு எழுதும் கேள்விகளைப் பார்த்தால் ஒன்று விளங்கும். எந்தப் பட்டன் எங்கே என்று அவர்களுக்கு நன்றாய்த் தெரியும். யூடியூப் பார்த்தே பழகிவிட்டார்கள். கூட்டங்களில் பேசுகிற சொற்கள்தான் பிடிபடுவதில்லை. "அக்கா, எல்.ஓ.டி. முந்நூற்றைம்பது கேட்டவை. நான் வடிவாய்க் கீறித்தான் குடுத்தனான். காணாதாம்" என்று போன கிழமை ஒரு தங்கச்சி எழுதியிருந்தாள். (எல்.ஓ.டி. என்பது மொடலில் ஒரு உறுப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்லும் இலக்கம். அதற்குப் பின்னால் வருகிறேன்.)

பிம் (பில்டிங் இன்ஃபர்மேஷன் மொடலிங், கட்டடத்தை அதன் தகவல்களோடு கணினியில் மொடலாய்க் கட்டுகிற முறை) சொற்களை வரிசையாய்ப் போட்டு ஒரு வரியில் விளக்கம் சொல்லும் பட்டியல்கள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. சோதனைக்குப் பாடமாக்க உதவும். வேலைக்கு உதவாது. திரையில் தெரிகிற ஒரு சாமானை எந்த மட்டுக்கும் நம்பலாம், அது பிழைத்தால் யாரைக் கேட்பது என்ற இரண்டு கேள்விகளில் இருந்துதான் இந்தச் சொற்களில் முக்கால்வாசி பிறந்தன. அந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு போனால் மிச்சம் தானாய் விளங்கும். ஒரு வீட்டை வைத்தே போவோம்.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வீடு: இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டினது. சனம் அதை "ஐந்தரை இலட்சம் வீடு" என்றுதான் சொல்லும். குடும்பத்துக்கு 5,50,000 ரூபா, 550 சதுர அடி, காசு கட்டம் கட்டமாய் வந்தது, கட்டுவிக்கிற பொறுப்பு வீட்டுக்காரருடையதாய் இருந்தது. இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, முன்னுக்கு ஒரு விறாந்தை. என் மாமா மேசன். புதுக்குடியிருப்புப் பக்கம் இந்த வீடுகளில் கனக்கக் கட்டியவர். அவர் வைத்திருந்த பிளானின் போட்டோக் கொப்பி ஒன்றை நான் ரெவிட் என்ற பிம் மென்பொருளில் ஏற்றி வைத்திருக்கிறேன். என்னிடம் பழக வருகிறவர்களுக்கு முதலில் கொடுப்பது அதைத்தான்.

அந்தப் போட்டோக் கொப்பியில் சுவர் என்றால் இரண்டு கோடு. ஓட்டோகாட் என்ற வரைபட மென்பொருளில் கீறினாலும் இரண்டு கோடுதான். கோட்டுக்குத் தான் சுவர் என்று தெரியாது. பார்க்கிற மனிசர்தான் அதைச் சுவராய் வாசிக்க வேண்டும். பிளானில் ஒரு ஜன்னலைத் தள்ளி வைத்தால், முன்பக்கத் தோற்றத்திலும் வெட்டுமுகத்திலும் அதைத் தனித்தனியே தள்ள வேண்டும். ஒன்றை மறந்தால் சைட்டில் சண்டை. பிம்மில் சுவர் ஒரு பொருள். அதற்கு நீளம், உயரம், தடிப்பு, என்ன கல், எந்தப் பூச்சு என்று எல்லாம் தெரியும். பிளான், வெட்டுமுகம், தோற்றம், அட்டவணை எல்லாம் அந்த ஒரே பொருளைப் பார்க்கிற வெவ்வேறு வியூக்கள். ஒன்றில் தள்ளினால் எல்லாவற்றிலும் தள்ளும்.

இது நேற்றைய யோசனை இல்லை. சார்ள்ஸ் ஈஸ்ட்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1975இலேயே, வரைபடங்களுக்குப் பதிலாய்க் கணினியில் கட்டடத்தின் விவரணையை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டார். ஹங்கேரிக்காரரின் ஆர்க்கிகாட் எண்பதுகளில் வந்தது. ரெவிட்டின் முதல் பதிப்பு 2000இல். அதை ஓட்டோடெஸ்க் என்ற நிறுவனம் 2002இல் வாங்கிய பிறகுதான் பிம் என்ற பெயர் ஊர் முழுக்கப் பரவியது. ஆகவே பிம் என்றால் ரெவிட் என்று நினைக்க வேண்டாம். ரெவிட் அதற்குள் ஒரு மென்பொருள், அவ்வளவுதான்.

இனி ஜன்னலுக்கு வருவோம். முதல் நாள் எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று போகிறேன்.

ரெவிட்டில் ஒரு சாமானுக்கு நாலு படி உண்டு. மேலே கற்றகரி: ஜன்னல், கதவு, சுவர், தூண் என்ற பெரிய பிரிவுகள். இவற்றை மென்பொருளே வைத்திருக்கிறது, நாங்கள் புதிதாய் உண்டாக்க ஏலாது. அதற்குக் கீழே ஃபமிலி: இரண்டு கதவுள்ள மர ஜன்னல் ஒரு ஃபமிலி, தள்ளித் திறக்கிற அலுமினிய ஜன்னல் இன்னொன்று. அதற்குக் கீழே டைப்: அதே மர ஜன்னல் நாலடிக்கு நாலடி ஒரு டைப், இரண்டடிக்கு மூன்றடி இன்னொரு டைப். கடைசியில் இன்ஸ்டன்ஸ்: சாமியறைக்குப் பக்கத்துச் சுவரில் இதோ இந்த இடத்தில் நிற்கிற இந்த ஒரு ஜன்னல்.

எங்கள் வீட்டில் நாலடி ஜன்னல்கள் நாலு இருக்கின்றன என்று வையுங்கள். வீட்டுக்கார அம்மா வந்து "ஹோல் ஜன்னலை மட்டும் ஐஞ்சடியாக்கி விடுங்கோ, காத்து வரட்டும்" என்கிறார். நீங்கள் அந்த ஜன்னலைத் தெரிவுசெய்து, 'எடிட் டைப்' என்பதைத் திறந்து, அகலத்தை ஐந்தடியாக்கி ஓகே சொல்கிறீர்கள். ஹோல் ஜன்னல் பெருக்கும். கூடவே இரண்டு அறை ஜன்னல்களும் குசினி ஜன்னலும் பெருக்கும். குசினியில் அது மூலைச் சுவருக்குள் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அகலமும் உயரமும் அந்த ஃபமிலியில் டைப் பராமீற்றர்கள், அதாவது டைப்புக்குரிய அளவுகள். அந்த டைப்பில் உள்ள எல்லோருக்கும் பொதுச்சொத்து. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் முதலில் 'டூப்ளிக்கேட்' கொடுத்துப் புது டைப் உண்டாக்கி, அந்த ஒரு ஜன்னலை அதற்கு மாற்ற வேண்டும்.

நிலத்தில் இருந்து ஜன்னலின் கீழ்விளிம்பு வரைக்குமான உயரம் அப்படி இல்லை. அது இன்ஸ்டன்ஸ் பராமீற்றர். குசினியில் மேடை இருப்பதால் ஜன்னலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். அதை உயர்த்தினால் மற்றவை அசையாது. ஒரு ஃபமிலி செய்யும்போது எதை டைப்பில் வைப்பது, எதை இன்ஸ்டன்ஸில் வைப்பது என்று தீர்மானிக்கிறவர்தான், பின்னால் அந்த ஃபமிலியைப் பாவிக்கிற அத்தனை பேரின் நிம்மதியையும் தீர்மானிக்கிறார். நான் பழைய ஆட்களின் ஃபமிலிகளைத் திறந்து பார்த்தே அவர்களின் குணத்தைச் சொல்லிவிடுவேன்.

இதோடு ஒட்டினதுதான் ஹோஸ்ட் என்ற சொல். ஜன்னல் தனியே நிற்காது, சுவரில் நிற்கும். சுவர் அதன் ஹோஸ்ட். சுவரை அழித்தால் ஜன்னலும் போகும். சுவர், கூரை, தளம் போன்றவை மென்பொருளுக்குள்ளேயே இருக்கிற சிஸ்டம் ஃபமிலிகள். ஜன்னல், கதவு, கொமெட் எல்லாம் வெளியில் இருந்து தனிக் கோப்பாய் ஏற்றுகிறவை. இன்-பிளேஸ் ஃபமிலி என்று மூன்றாவது ஒன்று உண்டு. ஒரே இடத்தில் ஒரு தடவை மட்டும் வருகிற சாமானுக்கு, உதாரணமாய் விறாந்தைக் கரையில் வளைத்துக் கட்டின ஒரு குந்துக்கு, அது சரி. மற்றபடி சோம்பலில் எல்லாவற்றையும் இன்-பிளேஸில் செய்து தருகிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை குறைவு.

சுவருக்குள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் வீட்டின் சுவர் ஆறு இஞ்சிச் சீமெந்துக் கல், இரண்டு பக்கமும் அரை இஞ்சிப் பூச்சு. ரெவிட்டில் இவை லேயர்கள்: நடுவில் கோர், வெளியில் ஃபினிஷ். அறை பத்தடி என்று பிளானில் இருந்தால் மாமா உடனே கேட்கிற கேள்வி, "உள்ளளவோ, வெளியளவோ?" என்பது. மனையடி பார்க்கிற வீட்டுக்காரருக்குப் பூச்சு முடிந்த பிறகு உள்ளே கிடைக்கிற அளவு வேண்டும். நூல் பிடித்துக் கல் வைக்கிறவருக்குக் கல்லின் முகம் வேண்டும். ரெவிட் இதே கேள்வியை 'லொக்கேஷன் லைன்' என்ற பெயரில் கேட்கிறது: சுவரின் நடுக்கோடா, கோரின் நடுக்கோடா, கோரின் முகமா, ஃபினிஷின் முகமா? பழகுகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் அந்தப் பெட்டியைப் பார்க்காமலே கீறிக்கொண்டு போகிறார்கள். பிறகு பூச்சின் தடிப்பைக் கூட்டும்போது சுவர் எந்தப் பக்கம் வீங்கும் என்பதை அந்தப் பெட்டிதான் தீர்மானிக்கும்.

இன்னொன்று, வெளிநாட்டு வேலைகள் மில்லிமீற்றரில் வரும், எங்கள் மேசன்மார் அடி இஞ்சியில் பேசுவார்கள். திரையில் நீங்கள் எதை வைத்தாலும் ரெவிட் தன் வயிற்றுக்குள் நீளங்களை அடியில்தான் சேமிக்கிறது. மாமாவுக்கு இதைச் சொன்னபோது அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

லெவல், கிரிட் இரண்டையும் சுருக்கமாய்ச் சொல்லிவிடலாம். கிரிட் தூண்களின் வரிசை. லெவல் உயரத்தின் அடையாளம்: டி.பி.சி. (ஈரம் மேலேறாமல் தடுக்கிற படை) மட்டம், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேலே போகிற பீம்) மட்டம், வளை (சுவர்மேல் கூரையைத் தாங்குகிற மரம்) மட்டம். மேல்மாடி வீடென்றால் ஒவ்வொரு மாடிக்கும் குறைந்தது ஒன்று. லெவலின் பிரயோசனம் பிறகுதான் தெரியும். 2018 டிசம்பரில் இரணைமடுவும் மற்றக் குளங்களும் வான்பாய்ந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளத்தில் நின்றதற்குப் பிறகு, பள்ளக்காணிக்காரர் பலர் அத்திவாரத்தை உயர்த்திக் கேட்கிறார்கள். மொடலில் சுவரும் கதவும் லெவலோடு கட்டப்பட்டிருந்தால் அந்த லெவல்களை ஒன்றரை அடி தூக்கினால் போதும், வீடு முழுக்க எழும்பும். கண்ணால் பார்த்து உயரம் கொடுத்து வைத்திருந்தால் ஒவ்வொன்றாய்த் தூக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: எங்களுக்கும் இங்கிலாந்துக்காரருக்கும் 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்றால் முதலாம் மாடி, அமெரிக்கருக்கு அது நிலத்தளம். லெவலின் பெயரை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி எல்.ஓ.டி. அந்தத் தங்கச்சிக்கு வேண்டியது இதுதான்.

ஒருநாள் பின்னேரம் மாமா தேத்தண்ணியோடு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். திரையில் இந்த வீடு முப்பரிமாணத்தில் சுழன்றுகொண்டிருந்தது. ஓடு போட்டு, பெயின்ற் அடித்து, முற்றத்தில் ஒரு வேப்பமரமும் நட்டு வைத்திருந்தேன்.

"வீடு முடிஞ்சுது போல பிள்ளை."

"ஓம் மாமா, எப்படி இருக்கு?"

அவர் குனிந்து லிண்டலைச் சுட்டிக் காட்டினார். "உதுக்குள்ள கம்பி போட்டாச்சோ?"

"இல்லை. அது பிறகு."

"அப்ப இந்த வளை? சுவரில சும்மா குந்தி இருக்கோ, போல்ற் அடிச்சிருக்கோ?"

"சும்மாதான் இருக்கு."

"கூரைக்குள்ள கைமரம் எத்தினை?"

கூரைக்குள் கைமரமே இல்லை. கூரை ஒரு தடித்த பலகை. மேலே ஓட்டின் படம் ஒட்டியிருந்தது. மாமா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "அப்ப இது வீடில்லை, வீட்டின்ர படம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எல்.ஓ.டி. என்ற முழு ஏற்பாடும் மாமாவின் அந்த மூன்று கேள்விகளுக்காக வந்ததுதான். கணினி மொடலுக்கு ஒரு கெட்ட பழக்கம்: யோசித்து முடிக்க முன்னமே முடிந்தமாதிரித் தெரியும். பென்சிலால் கீறின பிளானைப் பார்த்தால் இது இன்னும் மாறும் என்று யாருக்கும் தெரியும். மொடலைப் பார்த்தால் தெரியாது. ஆகவே ஒவ்வொரு உறுப்புக்கும் "இதை இந்த அளவுக்கு நம்பலாம்" என்று ஒரு இலக்கம் கொடுத்தார்கள். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் 2008இல் தன் ஒப்பந்தப் படிவம் ஒன்றில் 100 தொடக்கம் 500 வரை ஐந்து படிகள் வைத்தது. பிறகு பிம்ஃபோரம் என்ற அமைப்பு 2013இல் விவரமான விளக்கம் வெளியிட்டபோது நடுவில் 350 சேர்ந்தது.

லிண்டலை வைத்துச் சொல்கிறேன். 100 என்றால் லிண்டல் என்று ஒன்று வரும் என்ற எண்ணம் மட்டும். ஒரு குறியீடு இருந்தாலும் போதும், விலையைச் சதுர அடிக் கணக்கில் மதிக்கலாம். 200 என்றால் ஒரு பீம் நிற்கிறது, அளவு கிட்டத்தட்ட. 300 என்றால் அகலம், ஆழம், நீளம், இடம் எல்லாம் வடிவமைத்தபடி சரி. மொடலில் இருந்தே நேரடியாய் அளந்து கொங்கிறீற்றின் கன அளவு எடுக்கலாம். 350 என்றால் அது பக்கத்துச் சாமான்களோடு எப்படிச் சேர்கிறது என்பதும் தெரிய வேண்டும்: வளை அதன்மேல் எப்படி இருக்கிறது, போல்ற் எங்கே வருகிறது. 400 என்றால் கம்பி வெட்டி வளைக்கிறவர் அதைப் பார்த்தே வேலை செய்யலாம்: நாலு பத்து மில்லிமீற்றர் கம்பி, ஆறு மில்லிமீற்றர் ரிங், எத்தனை இஞ்சிக்கு ஒன்று. 500 என்றால் கட்டின பிறகு சைட்டில் போய் அளந்து சரிபார்த்தது. 400இன் அடுத்த படியாய் அதை நினைக்க வேண்டாம், அது வேறு சாதி. 500இல் கம்பி தெரிய வேண்டுமென்று கட்டாயம் இல்லை. அளந்து உறுதிப்படுத்தியிருக்க வேண்டும் என்பதுதான் கட்டாயம்.

தங்கச்சியின் மொடல் வடிவாய் இருந்திருக்கும். கதவுக் கைபிடியில் திறப்போட்டைகூட இருந்திருக்கும். ஆனால் 350 கேட்கிறவருக்குக் கைபிடி தேவையில்லை; குழாயைத் தாங்குகிற தாங்கி எங்கே, அது எதில் பூட்டப்படுகிறது என்பதுதான் தேவை. எல்.ஓ.டி.யில் கடைசி எழுத்து டெவலப்மென்ட் என்பதைக் குறிக்கிறது, டீற்றெயில் என்பதை அல்ல. எத்தனை நுணுக்கமாய்க் கீறினீர்கள் என்பதற்கும் எவ்வளவு தீர்மானமாய் யோசித்தாயிற்று என்பதற்கும் தூரம் அதிகம். கூரையில் ஒட்டின ஓட்டின் படம் மிக நுணுக்கம், தீர்மானம் பூச்சியம்.

அடுத்தது, "முழு மொடலும் 300" என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். இலக்கம் உறுப்புக்குத்தான், மொடலுக்கு இல்லை. பிம்ஃபோரம் தன் விளக்கத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறது. ஒரே நேரத்தில் அத்திவாரம் 350இலும் தளபாடம் 100இலும் இருப்பதுதான் இயல்பு. எந்த உறுப்பு, எந்தக் கட்டத்தில், எந்த இலக்கத்தில், யார் செய்வது என்று ஒரு அட்டவணை இருக்கும். வேலை தொடங்க முன் அதைக் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய வேலைகளில் இலக்கத்துக்குப் பதிலாய் 'லெவல் ஒஃப் இன்ஃபர்மேஷன் நீட்' என்று எழுதி வரும்: இந்தத் தகவல் எதற்கு, யாருக்கு, எப்போது என்று நேராய்க் கேட்கிற முறை. எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும்.

ஷெட்யூல் என்பது அட்டவணை. கதவு எத்தனை, என்ன அளவு, எந்த அறை என்று மொடல் தானே எண்ணித் தரும். கியூ.எஸ். ஆட்களுக்கு, அதாவது அளவும் செலவும் கணக்கிடுகிறவர்களுக்கு, இது வரப்பிரசாதம். ஆனால் அது எக்செல் தாள் இல்லை, அதுவும் மொடலைப் பார்க்கிற ஒரு வியூதான். அதில் ஒரு வரியை அழித்தால் அந்தக் கதவு வீட்டில் இருந்தே போய்விடும். மொடல் சொல்லாததும் உண்டு. சுவரின் சதுர அடியைச் சரியாய்ச் சொல்லும். லொறியில் இருந்து இறக்கும்போது உடைகிற கல்லையோ, சாந்தகப்பையில் இருந்து நிலத்தில் விழுகிற சாந்தையோ அது அறியாது. மாமா அதைக் கையால் கூட்டித்தான் ஓடர் கொடுப்பார்.

பெரிய கட்டடங்களில் கட்டடக்கலைஞர், அமைப்புப் பொறியியலாளர், மின்சாரமும் தண்ணீரும் பார்க்கிறவர் என்று ஒவ்வொருவரும் தனித்தனி மொடல் செய்வார்கள். அவற்றை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது ஃபெடரேட்டட் மொடல். வைக்கும்போது குழாய் பீமுக்குள் புகுந்து நின்றால் அது கிளாஷ். இரண்டு சாமானும் ஒரே இடத்தில் நின்றால் ஹார்ட் கிளாஷ். முட்டவில்லை, ஆனால் திறந்து திருத்த இடம் விடவில்லை என்றால் அது கிளியரன்ஸ் வகை. நேவிஸ்வேர்க்ஸ் போன்ற மென்பொருள்கள் இதைத் தேடித் தரும். ஆயிரக்கணக்கில் தரும். அதில் முக்கால்வாசி குப்பை. எது உண்மையான முட்டல், எது சைட்டில் பையன் ஒருவன் அரை இஞ்சி தள்ளிப் பூட்டிவிட்டுப் போகிற முட்டல் என்று பிரிக்கத்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளம்.

ஐ.எஃப்.சி. என்ற கோப்பு வடிவத்தைப் பலரும் 'இன்னொரு சேவ் வகை' என்று நினைக்கிறார்கள். ஒருவர் ரெவிட்டிலும் ஒருவர் ஆர்க்கிகாட்டிலும் மற்றவர் டெக்லாவிலும் வேலை செய்யும்போது பொதுவாய்ப் பேச ஒரு மொழி வேண்டும். பில்டிங்ஸ்மார்ட் என்ற சர்வதேச அமைப்பு வளர்க்கிற திறந்த மொழி அது. 2013 முதல் ஐ.எஸ்.ஓ. 16739 என்ற தரம். ஒரு ஐ.எஃப்.சி. கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், பயப்பட ஒன்றும் இல்லை, வெறும் எழுத்து. ஒவ்வொரு வரியும் ஒரு இலக்கத்தோடு தொடங்கி, இது சுவர், இது கதவு, இது இந்த மாடியில், இந்த மாடி இந்தக் கட்டடத்தில், கட்டடம் இந்தக் காணியில் என்று ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு சாமானுக்கும் 22 எழுத்தில் ஒரு தனி அடையாளம் இருக்கும்.

இங்கேதான் முதலில் சொன்ன கற்றகரி வந்து பழிவாங்கும். குசினி மேடையை அவசரத்தில் 'ஜெனரிக் மொடல்' என்ற பிரிவில் செய்தீர்கள் என்றால் உங்கள் திரையில் அது மேடைதான். ஐ.எஃப்.சி.யாய் வெளியே போகும்போது அது 'பில்டிங் எலிமென்ட் பிராக்ஸி' ஆகிவிடும். "ஏதோ ஒரு சாமான், என்னவென்று தெரியாது" என்று அர்த்தம். வாங்குகிறவரின் அட்டவணையில் மேடை என்று ஒன்றும் இராது. மொடல் அனுப்ப முன் பிராக்ஸிகளை எண்ணிப் பார்க்கிற பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலையின் தரத்தை மற்றவர் அளக்கிற முதல் இடம் அதுதான்.

சி.டி.இ. என்பது எல்லோரும் கோப்புகள் வைக்கிற பொது இடம். கூகிள் டிரைவ் மாதிரி ஒன்று என்று சொன்னால் பாதிதான் சரி. 2018இல் வந்த ஐ.எஸ்.ஓ. 19650 தரப்படி அங்கே ஒரு கோப்புக்கு நாலு நிலை: செய்துகொண்டிருப்பது, மற்றவரோடு பகிர்ந்தது, ஒப்புதலோடு வெளியிட்டது, பழையதாய்ச் சேமித்தது. செய்துகொண்டிருக்கிற கோப்பை எடுத்து அதன்மேல் வேலை செய்வது குற்றம். அது நாளைக்கே மாறும், மாறினால் சொல்ல வேண்டிய கடமை அதைச் செய்கிறவர்களுக்கு இல்லை. பகிர்ந்த கோப்பிலும் எதற்காய்ப் பகிர்ந்தது என்று ஒரு குறி இருக்கும். பிரித்தானிய வழக்கில் எஸ்-1 என்றால் ஒருங்கிணைப்புக்கு, எஸ்-2 என்றால் தகவலுக்கு மட்டும். எஸ்-2 கோப்பைப் பார்த்துச் சாமான் ஓடர் கொடுத்துவிட்டு அழுதவர்களின் கதை எல்லாத் திட்டங்களிலும் உண்டு.

ரெவிட்டுக்குள் பலர் ஒரே மொடலில் வேலை செய்தால் நடுவில் ஒரு சென்ட்ரல் கோப்பு, ஆளுக்கு ஒரு லோக்கல் பிரதி. நீங்கள் ஒரு சுவரைத் தொட்டால் அது உங்கள் பெயருக்கு வரும்; சிங்க் செய்து (உங்கள் மாற்றங்களைச் சென்ட்ரலுக்கு அனுப்பி) விடுவிக்கும் வரைக்கும் மற்றவர் அதை மாற்ற ஏலாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது இந்த விதியின் அருமை எனக்கு விளங்கியது. கரண்ட் போகும், ரவுட்டர் போகும், நான் தொட்டு வைத்த சுவர்கள் என் பெயரிலேயே பூட்டிக் கிடக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் "யார் இந்த மாடியைப் பிடித்து வைத்திருப்பது?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அப்போது பிடித்த பழக்கம்தான்: மின்வெட்டு அட்டவணைக்குக் கால் மணித்தியாலம் முன்னமே சிங்க் செய்து, எல்லாவற்றையும் விடுவித்துவிட்டு எழும்பிவிடுவது. இப்போது மின்வெட்டு இல்லாவிட்டாலும் சாப்பிடப் போகும்போது அப்படித்தான்.

மிச்சத்தை வேகமாய்ச் சொல்கிறேன். இ.ஐ.ஆர். என்றால் கட்டுவிக்கிறவர் "எனக்கு இந்தத் தகவல் இப்படி வேண்டும்" என்று எழுதித் தருவது. பி.இ.பி. என்றால் வேலை செய்கிறவர்கள் "அதை இப்படித் தருவோம்" என்று எழுதும் பதில். புது வேலையில் சேர்ந்தால் இந்தப் பி.இ.பி.யைக் கேட்டு வாசியுங்கள். கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது தொடக்கம் எல்லாம் அதில் இருக்கும். 4டி என்றால் மொடலோடு கால அட்டவணையைச் சேர்ப்பது, 5டி என்றால் செலவையும் சேர்ப்பது. வீட்டுத்திட்டத்தில் ரி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வந்து அத்திவாரம் முடிந்ததா, லிண்டல் மட்டுக்கும் வந்ததா என்று பார்த்த பிறகுதான் அடுத்த கட்டக் காசு வங்கிக்கு வந்தது. அதையே ஒரு மொடலில் கட்டி வைத்தால் அதுதான் 4டியும் 5டியும். 6டி, 7டி என்று மேலே போகிறவர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். நான் ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறேன். 'டிஜிட்டல் ட்வின்' என்று விளம்பரத்தில் வருவதும் பாதி நேரம் சாதாரண மொடல்தான். ஓடிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் இருந்து தகவல் தொடர்ந்து வந்து சேராவிட்டால் அந்தப் பெயருக்கு அது தகுதி இல்லை.

கடைசியாய், எதில் பழகுவது என்று கேட்கிறவர்களுக்கு. ரெவிட் விண்டோஸில் மட்டும் ஓடும். சந்தா விலை எங்கள் ஊர்ச் சம்பளத்துக்குக் கட்டாது. ஆனால் மாணவராய் இருந்தால் ஓட்டோடெஸ்க் ஒரு வருட உரிமத்தை இலவசமாய்த் தருகிறது, படிக்கிற காலம் வரை புதுப்பிக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ். பல்கலைக்கழகப் பீடங்களில் படிக்கிறவர்கள் அதை எடுக்காமல் களவுப் பிரதி தேடுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. படிப்பு முடிந்தவர்கள் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் மேல் ஓடுகிற பொன்சாயைப் பாருங்கள், முன்பு பிளெண்டர்பிம் என்று பெயர். முழுக்க இலவசம், ஐ.எஃப்.சி.யிலேயே நேராய் வேலை செய்யும். முகம் கொஞ்சம் கடுகடுப்பு. ஆனால் மேலே சொன்ன சாமான்கள் உள்ளே எப்படிக் கிடக்கின்றன என்பதை ரெவிட்டை விட அது வெளிப்படையாய்க் காட்டும்.

ரெவிட்டில் ஒரு வேலை கைக்கு வந்தால் கோப்பைத் திறக்க முன் அனுப்பினவரிடம் எந்த வருடப் பதிப்பு என்று கேளுங்கள். பழைய கோப்பைப் புதிய ரெவிட்டில் திறந்து சேவ் செய்தால் அது புதியதாகிவிடும், திரும்பப் பழையதாக்க வழி இல்லை. அனுப்பினவர் பழைய பதிப்பில் இருந்தால் அவருடைய கோப்பு அவருக்கே திறக்காது. இந்த வீட்டின் மொடல் வேண்டியவர்கள் எழுதும்போதும் உங்கள் பதிப்பைச் சொல்லுங்கள். கூரைக்குள் கைமரம் இப்போது இருக்கிறது. மாமாவே இருந்து எண்ணிச் சொன்னவர்.